காலை ஆறே முக்கால், ஒன்பதாவது மாடி

கதவைத் தட்டக் கூடாது. நாங்கள் முதலில் கற்றுக்கொண்டது அதுதான். காலை ஆறே முக்காலுக்கு மரக்கதவைத் தட்டினால், இரவு வேலை முடித்துவிட்டு அப்போதுதான் படுத்த பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிடுவார். அதனால் கம்பிக் கதவில் தொங்கும் பூட்டை விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவேன். உள்ளே இருந்து பாட்டியின் குரல் வரும். "ஆன்ட்டி வந்துட்டாங்கடா, எழுந்திரி."

பிறகு பாத்திரம் உருளும் சத்தம், குழாய்ச் சத்தம், தரையில் சின்னப் பாதம் ஓடும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் போதும். அடுத்த கதவுக்குப் போய்விடுவேன்.

சிங்கப்பூரில் மார்சிலிங் வட்டாரத்தில் என் வீட்டுக்கு எதிரே வாடகை வீடுகள் உள்ள அடுக்குமாடி புளோக் ஒன்று இருக்கிறது. எல்லாம் ஓரறை, ஈரறை வீடுகள். அங்கே உள்ள சின்னப் பிள்ளைகளைக் காலையில் எழுப்பிக் கிளப்பி, கூட்டிக்கொண்டு நடந்து, பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வருவதை இரண்டரை வருடமாகச் செய்துவருகிறோம். நாங்கள் என்றால் ஐந்து பேர். நான், ஆறாவது மாடியில் இருக்கும் ஒரு மாக்சிக் (மலாய் ஆன்ட்டி), பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு சீன அங்கிள், என் புளோக்கில் உள்ள ஓர் இளம் தம்பதி. எங்களுக்குப் பெயரும் கிடையாது, சட்டையும் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும் உண்டு. மூன்று பிள்ளைகளோடு தொடங்கினோம், இப்போது பதினொரு பிள்ளைகள்.

எல்லாம் ஒரு பொங்கலில் தொடங்கியது. 2023 ஜனவரியில் சமூக மன்றத்தில் பொங்கல் வைத்தபோது, என் பக்கத்தில் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தவர் ஒரு பாலர் பள்ளித் தமிழாசிரியை. பேச்சு எங்கெங்கோ போய்ப் பிள்ளைகளிடம் வந்து நின்றது. "பேரெல்லாம் லிஸ்ட்ல இருக்குக்கா. ஆளைத்தான் காணோம்" என்றார். வருத்தமாகச் சொன்னார். அந்த வருத்தம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

முதலில் நானும் காசு விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். விசாரித்துப் பார்த்தால் அது இல்லை. அரசாங்க ஆதரவு பெறும் பெரிய பாலர் பள்ளிகளில், வருமானம் மிகக் குறைந்த குடும்பங்களுக்கு எல்லாக் கழிவும் போக முழுநாள் பராமரிப்புக்கு மாதம் 3 வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) ஆகலாம். காப்பிக் கடையில் காப்பி குடிக்கும் கணக்குத்தான். பிள்ளையின் பெயரைப் பதிந்தாயிற்று, கட்டணமும் கட்டியாயிற்று, சீருடையும் வாங்கியாயிற்று. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் பிள்ளை வீட்டில்.

சட்டமும் இங்கே கைகொடுக்காது. கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் இருக்கிறது. தொடக்கப்பள்ளி வயது வந்த பிள்ளையை அனுப்பாவிட்டால் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு. ஆனால் அது தொடக்கநிலை ஒன்றிலிருந்துதான். அதற்கு முந்தைய வருடங்கள் பெற்றோர் விருப்பம். "விளையாடத்தானே போகுது, ஒருநாள் போகலன்னா என்ன?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

அந்தக் கேள்வி தப்பான கேள்வி இல்லை. நானே பாலர் பள்ளிக்குப் போனதில்லை. எழுபதுகளில் செம்பவாங்கில் எங்கள் வரிசையில் பாதிப் பிள்ளைகள் நேராகத் தொடக்கநிலை ஒன்றுக்குத்தான் போனோம். அன்று அது குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் வகுப்பில் எல்லாரும் ஒரே கோட்டில் நின்றோம். இன்று அப்படி இல்லை. தொடக்கநிலை ஒன்றில் நுழையும் பிள்ளைகளில் பெரும்பாலோர் எழுத்து தெரிந்து, வரிசையில் நிற்கத் தெரிந்து, கழிவறைக்குப் போகக் கேட்கத் தெரிந்து வருகிறார்கள். அவர்கள் நடுவே ஒரு பிள்ளை இதெல்லாம் தெரியாமல் வந்து உட்கார்ந்தால், அது தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளும்? ஆறு வயதில் மனதில் விழும் அந்த எண்ணத்தைப் பிறகு யார் வந்து எடுப்பது?

சரி, அந்த ஒன்பதாவது மாடிக்கு வருகிறேன்.

அந்தப் பையனுக்கு அப்போது நாலரை வயது. பாலர் பள்ளியில் கே1 வகுப்பு. வீட்டில் அம்மா, பாட்டி, அவன். அம்மாவுக்குக் கட்டடத் துப்புரவு வேலை, காலை ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். நான் முதல் தடவை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. போனவள் என்ன செய்தேன் என்றால், வாசலில் நின்றபடி பள்ளிக்கு ஒழுங்காக அனுப்புவதன் முக்கியத்துவத்தைப் பற்றி அந்த அம்மாவிடம் பேசினேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். அவர் எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றார். அடுத்த வாரம் போனபோது உள்ளே தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை.

அன்று கீழே இறங்கி வந்து புளோக்குக்குக் கீழே கல்மேசையில் உட்கார்ந்தேன். மாக்சிக்கைப் பார்த்துப் பேசத் தொடங்கியதும் அங்கேதான். அவர் அந்த புளோக்கிலேயே பல வருடம் இருப்பவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீ அவளிடம் என்ன கேட்டாய்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். நான் ஒன்றுமே கேட்கவில்லை.

மூன்றாம் முறை மாக்சிக்கோடு போனேன். அவர் கையில் ஒரு டப்பா நாசி லெமாக். அம்மா வேலையில் இருந்தார், பாட்டி கதவைத் திறந்தார். இந்த முறை ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அம்மா, காலைல எழுந்ததுல இருந்து என்னென்ன நடக்கும், சொல்லுங்க."

பாட்டி சொன்னார். ஆறு மணிக்கு எழுந்து சர்க்கரை பார்த்துக்கொண்டு ஊசி போட வேண்டும். போட்ட பிறகு சாப்பிட வேண்டும், தள்ளிப் போட்டால் மயக்கம் வரும். இடது பாதத்தில் ஆறாத புண், கட்டுப் போட்டிருந்தது. காலையில் எழுந்ததும் அந்தப் பாதத்தை ஊன்றச் சற்று நேரம் ஆகும். பிறகு பேரனை எழுப்பி, குளிப்பாட்டி, சட்டை போட்டு, மின்தூக்கியில் இறங்கி, அறுநூறு எழுநூறு மீட்டர் நடக்க வேண்டும். நடுவில் ஒரு சாலை. நமக்குப் பத்து நிமிட நடை. பாட்டிக்குப் போக அரைமணி, வர அரைமணி. அதோடு வாரத்தில் இரண்டு நாள் புண்ணுக்குக் கட்டு மாற்றப் பலதுறை மருந்தகத்தில் காலை நேரத்தில் முன்பதிவு. அந்த இரண்டு நாளும் பேரனையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவார். வேறென்ன செய்வார்?

வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் மாதத்துக்கு எட்டு நாள். பாட்டியின் மருந்தக நாள்தான் பேரன் பள்ளிக்குப் போகாத நாள். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பள்ளியில் இருந்து அழைத்திருக்கிறார்கள். தெரியாத எண் என்று பாட்டி எடுக்கவில்லை, மோசடிக்காரர்களுக்குப் பயந்து எடுக்காதே என்றுதானே நாமே எல்லாப் பாட்டிகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் கடிதம் வந்திருக்கிறது. அதை நான்காக மடித்து சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்து என்னிடம் கொடுத்து, "இது என்னன்னு படிச்சுச் சொல்லும்மா" என்றார். பிள்ளையின் வருகையைப் பற்றிப் பேச ஒருமுறை பள்ளிக்கு வரும்படி கேட்டிருந்தார்கள். கடிதம் வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

அந்த வீட்டில் அக்கறைக்குக் குறைவே இல்லை. பாட்டி பேரனின் சீருடையைக் கையால் துவைத்து, மடித்து, தலையணைக்குக் கீழே வைத்திருந்தார், தேய்த்தது மாதிரி இருக்கட்டும் என்று. அங்கே குறைந்ததெல்லாம் ஆறே முக்காலுக்கும் எட்டு மணிக்கும் நடுவே இரண்டு கால்கள்.

என்னிடம் இரண்டு கால்கள் இருந்தன. மாக்சிக்கிடமும் இருந்தன.

இதைப் படித்துவிட்டு யாராவது தொடங்க நினைத்தால், நாங்கள் ஒழுங்கு செய்துகொண்ட சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடப்பது சாதாரணப் பொறுப்பில்லை. பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் எந்தப் பிள்ளையையும் சேர்ப்போம். பிள்ளையைக் கொண்டுவந்து விடக்கூடியவர்கள் என்று எங்கள் பெயர்களைப் பெற்றோரே பள்ளியில் கொடுத்துவிடுவார்கள். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருப்போம், தனியாக ஒருவர் கூட்டிப்போவதில்லை. வீட்டுக்குள் போவதில்லை, பாட்டி கூப்பிட்டு ஏதாவது தூக்கித் தரச் சொன்னால் ஒழிய. பள்ளி வாசலில் ஆசிரியர் காய்ச்சல் பார்த்து, கையை விரித்துப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து உள்ளே எடுத்துக்கொண்டதும் குழுவில் ஒரு செய்தி போடுவோம். வேலையில் இருக்கும் அம்மாக்கள் அதைப் பார்த்துவிட்டு ஓர் இதயம் அனுப்புவார்கள். அந்தச் சின்னச் சிவப்பு இதயத்துக்காகவே சிலநாள் எழுந்து போயிருக்கிறேன்.

முதல் சுற்று ஆறே முக்கால், எழுப்ப மட்டும். இரண்டாவது சுற்று ஏழு இருபது, கூட்டிக்கொள்ள. ஏழரைக்கு எல்லாரும் கீழ்த்தளத்தில் கூட வேண்டும். எட்டு மணிக்குப் பள்ளியில் காலைச் சாப்பாடு, அதைப் பிள்ளைகள் தவறவிடக் கூடாது. இந்தச் சாப்பாட்டு நேரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். தாமதமாகப் போகிற பிள்ளைக்குப் பசியோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது தான் மட்டும் பையோடு வாசலில் நிற்பது. ஒரு பெண் குழந்தை எங்களிடம் தெளிவாகவே சொன்னது. "லேட்டாப் போனா எல்லாரும் என்னையே பாக்குறாங்க. நான் வரல." நாலு வயதுக் குழந்தைக்கு அந்த வெட்கம் போதும், நாள் முழுக்க வீட்டில் இருந்துவிடும்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருடக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வந்தால், எங்கள் கணக்கில் பாதி வருகை அதோடு போய்விடும். முதலில் குடைதான் பிரச்சினை என்று நினைத்து ஆளுக்கொரு குடை வாங்கினோம். குடை இருந்தும் வரவில்லை. ஒன்பதாவது மாடிப் பையனிடம் கேட்டால் பதில் சொல்ல மாட்டான், காலைப் பின்னால் மறைத்துக்கொள்வான். ஒருநாள் மாக்சிக் கதவோரம் இருந்த பள்ளிக் காலணியை எடுத்துப் பார்த்தார். தூக்கியதும் தண்ணீர் சொட்டியது. முந்தைய நாள் நனைந்தது. அந்த வீட்டில் வெயில் படாது, தாழ்வாரத்தில் வைத்தாலும் இரண்டு நாள் ஆகும் காய. ஒரே ஒரு ஜோடி. இன்று மழையில் நனைந்தால் நாளை பள்ளி இல்லை, இவ்வளவுதான் விஷயம்.

அதற்குப் பிறகு எங்கள் ஓய்வுபெற்ற ஓட்டுநர் அங்கிள் பழைய செய்தித்தாள்களைச் சேர்க்கத் தொடங்கினார். அவர் படிக்கும் சீனப் பத்திரிகை, என் வீட்டுத் தமிழ் முரசு, எல்லாவற்றையும் கசக்கி உருண்டையாக்கி, நனைந்த காலணிக்குள் திணித்து, மாலையில் ஒருமுறை மாற்றி, இரவு மின்விசிறிக்கு முன்னால் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். காலைக்குள் முக்கால்வாசி காய்ந்துவிடும். அப்புறம் எங்கள் சொந்தப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் போட்டுச் சிறுத்துப்போன காலணிகளைக் கழுவி அளவு வாரியாக ஒரு பெட்டியில் போட்டு வைத்தோம். அந்தப் பெட்டி இப்போதும் அங்கிள் வீட்டில் இருக்கிறது. அந்த வருடம் டிசம்பரில் மழை கொட்டிய ஒரு வாரத்தில் எட்டுப் பிள்ளைகளில் எட்டுப் பேரும் ஐந்து நாளும் பள்ளிக்கு வந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை அங்கிள் எங்கள் எல்லாருக்கும் காயா ரொட்டி வாங்கித் தந்தார்.

தமிழ் வகுப்பைப் பற்றி இங்கே நிறுத்தி நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், நம் ஆட்கள் இதைக் கவனிப்பதில்லை. தமிழ்ப் பிள்ளைகள் போதிய எண்ணிக்கையில் இருந்தால்தான் பாலர் பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்கும். எங்கள் பிள்ளைகள் போகும் பள்ளியில் அந்த வயதுப் பிரிவில் நான்கே பேர். நான்கில் இரண்டு பேர் வராவிட்டால், பக்கத்து அறையில் சீன வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் கூடிப் பாடிக்கொண்டிருக்க, இங்கே இரண்டு பிள்ளைகளும் ஆசிரியையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கும்மி அடிக்கவே ஆள் போதாது. கதை சொன்னால் காக்கா யார், நரி யார், வடை சுட்ட பாட்டி யார் என்று பங்கு பிரிக்க முடியாது. மற்றப் பாடங்களில் ஒரு பிள்ளை வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் நட்டம். தமிழ் வகுப்பில் ஒரு பிள்ளை வராவிட்டால் வந்த பிள்ளைக்கும் நட்டம்.

அந்த ஆசிரியை என்னிடம் சொன்னது நினைவில் நிற்கிறது. ஒன்பதாவது மாடிப் பையன் தொடர்ந்து வர ஆரம்பித்த பிறகுதான் அந்த வகுப்பில் பிள்ளைகள் தங்களுக்குள் தமிழில் சண்டை போட்டுக்கொண்டார்களாம். அதுவரை ஆசிரியையோடு மட்டும்தான் தமிழ், தங்களுக்குள் ஆங்கிலம். பாட்டியிடம் வளர்ந்தவன் அல்லவா, அவனுக்குத் திட்ட வேண்டும் என்றால் தமிழ்தான் வரும். "என் பென்சில எடுக்காத, எருமை!" என்றானாம். ஆசிரியை கண்டிக்கத்தான் செய்தார். ஆனால் மனதுக்குள் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும்.

நோயில் போகும் நாள்களைப் பற்றி எங்களுக்கு வேறு மாதிரிப் புரிதல் ஏற்பட்டது. சிகாகோ அரசாங்கப் பள்ளிகளின் பாலர் வகுப்புகளில் 2011-12 கல்வியாண்டில் செய்த ஓர் ஆய்வு இருக்கிறது. பள்ளி நாள்களில் பத்து விழுக்காடு அல்லது அதற்கு மேல் வராமல் இருப்பதை அவர்கள் நாள்பட்ட வருகையின்மை என்கிறார்கள். மாதத்துக்கு இரண்டு நாள் என்று வையுங்கள். அந்தக் கணக்கில் மூன்று வயதுப் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், நான்கு வயதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வராத நாள்களில் பாதிக்கும் மேல் உடம்பு சரியில்லாததால். அது வேறு ஊர், வேறு பருவநிலை. ஆனாலும் மாதத்துக்கு இரண்டு நாள் என்ற அந்த அளவு என்னை உலுக்கியது, எங்கள் பையன் ஒரு மாதத்தில் எட்டு நாள் விட்டுக்கொண்டிருந்தான்.

இங்கே கை, கால், வாய்ப்புண் நோய் வந்தால் பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும், மருத்துவர் சான்றிதழ் கொடுத்த நாள் வரை, கொப்புளம் காயும் வரை. அதில் மாற்றுக் கருத்தே இல்லை. நாங்கள் பார்த்தது அதற்குப் பிறகு வரும் நாள்களை. நோய் ஒரு வாரத்தில் போய்விடும், வீட்டிலேயே இருக்கும் பழக்கம் போகாது. திங்கட்கிழமை போகலாம் என்பார்கள், திங்கட்கிழமை பிள்ளை அழும், புதன் பார்க்கலாம் என்பார்கள், புதன்கிழமை மழை. ஆக, திரும்பி வரும் நாளைத்தான் நாங்கள் இப்போது குறி வைக்கிறோம். சான்றிதழ் முடியும் தேதியைக் குழுவில் எழுதி வைத்துவிடுவோம். முந்தைய நாள் மாலை யாராவது ஒருவர் போய், "நாளைக்கு உன் கூட்டாளி உனக்காக இடம் பிடிச்சு வைக்கிறானாம்" என்று சொல்லிவிட்டு வருவோம். சும்மா சொல்வதில்லை, அந்தக் கூட்டாளியிடமும் சொல்லி வைத்துவிட்டுத்தான் சொல்வோம்.

திங்கட்கிழமைகள் இன்னும் எங்கள் கைக்கு அடங்கவில்லை. வார இறுதியில் மலேசியாவின் ஜொகூரில் உறவினர் வீட்டுக்குப் போகும் குடும்பங்கள் எல்லைப் பாலத்தில் நெரிசலில் மாட்டி நள்ளிரவுக்கு மேல் வீடு வந்து சேர்வார்கள். அந்தக் காலையில் பூட்டைத் தட்ட எனக்கே மனம் வராது.

பிள்ளையைப் பள்ளிக்கு வரவைக்கச் சோறு போடலாம் என்று நம் தமிழ் மண்ணுக்கு நூறு வருடத்துக்கு முன்பே தெரியும். சென்னையில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் 1920இல் மாநகராட்சி மதிய உணவு கொடுத்தது. காமராசர் 1956இல் அதை மாநிலத்துக்கு எடுத்துப் போனார். எம்ஜிஆர் 1982இல் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. காலை உணவுத் திட்டம் வந்த செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பசிக்கிற பிள்ளைக்கு இட்லி வைக்கத் தோன்றிய ஒவ்வொருவரும், அந்தப் பிள்ளையின் காலைப் பொழுதை மனதுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கேயும் செய்கிறார்கள். நம் சமூகப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கவலையில்தான் 1991இல் சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் பிறந்தது. மாதாமாதம் நம் சம்பளத்தில் இருந்து போகும் சில வெள்ளி அந்தக் கவலையின் தொடர்ச்சிதான். கிட்ஸ்டார்ட் திட்டம் 2016இல் முன்னோடியாகத் தொடங்கியது. வருமானம் குறைந்த குடும்பங்களில் கருவுற்ற காலத்தில் இருந்தே வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள். அமைச்சர் இந்திராணி ராஜா தலைமையில் 2018இல் அமைந்த அப்லிஃப்ட் பணிக்குழு, பிள்ளைகள் நீண்ட நாள் பள்ளிக்கு வராததைத் தன் முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான காம்லிங்க்+ திட்டத்தில் பிள்ளையை மூன்று வயதில் பாலர் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் 500 வெள்ளி, ஒழுங்காக அனுப்பினால் காலாண்டுக்கு 200 வெள்ளி.

இவை எல்லாம் நல்ல காரியங்கள். ஒன்பதாவது மாடி அம்மாவுக்கு அந்தக் கணக்கைப் பற்றிப் படித்துச் சொல்லி, சமூக சேவையாளரோடு உட்கார வைத்தது நான்தான். ஆனால் சமூக சேவையாளரின் வேலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். பிள்ளை பள்ளிக்குப் போகுமா போகாதா என்பது ஏழு இருபதுக்கே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் அந்த மாடியில் இருக்கக்கூடியவர் அக்கம்பக்கத்தவர் மட்டும்தான். எந்த அமைச்சும் எந்த அமைப்பும் காலை ஆறே முக்காலுக்கு எல்லா மாடிக்கும் ஆள் அனுப்ப முடியாது. எதிர் புளோக்கில் இருக்கும் என்னால் முடிகிறது.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஒரு தந்தை, "எம் பிள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியும்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது, நாங்கள் அவர் மனைவியிடம் மட்டும் பேசி அவரிடம் பேசாமல் விட்டிருந்தோம். நான்காவது மாடியில் ஒரு பெண் குழந்தை, ஐந்து மாதம் எங்களோடு ஒழுங்காக வந்தது. கையைப் பிடித்தால் சுண்டுவிரலை மட்டும் பிடிக்கும். ஒரு திங்கட்கிழமை போனால் வீடு காலி. வேறு வட்டாரத்துக்குப் போய்விட்டார்கள். எங்கே என்று சொல்லிவிட்டுப் போகவில்லை, நாங்களும் கேட்டு வைக்கவில்லை. அங்கே யார் கதவைத் தட்டுகிறார்கள் என்ற நினைப்பு மழை நாளில் வரும். அதற்குப் பிறகு வீடு மாறும் குடும்பங்களிடம், போகும் இடத்தில் இருக்கும் பாலர் பள்ளியில் இடத்துக்குச் சொல்லி வைத்தாயிற்றா என்று முன்கூட்டியே கேட்டுவிடுகிறோம்.

ஒன்பதாவது மாடிப் பையன் 2025 ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போனான். பள்ளி ஏழரைக்கு. எங்கள் நடை அவனுக்குச் சரிப்படாது. என்ன செய்வது என்று நாங்கள் டிசம்பரிலேயே பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் அவன் அம்மா தன் மேற்பார்வையாளரிடம் கேட்டு, வாரத்தில் இரண்டு நாளுக்குப் பிற்பகல் முறையை மாற்றி வாங்கிவிட்டார். மற்ற மூன்று நாளுக்கு எங்களில் இளம் தம்பதியின் பிள்ளையும் அதே பள்ளி என்பதால் அவர்களோடு போகிறான். பாட்டியின் காலில் இன்னும் கட்டு இருக்கிறது, ஆனால் மருந்தகத்துக்குத் தனியாகப் போய்வருகிறார், பேரனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

போன மாதம் மாக்சிக்குக் கண்ணில் புரை அறுவைச் சிகிச்சை. மூன்று வாரம் வெளியே நடக்கக் கூடாது என்றுவிட்டார்கள். ஆள் பற்றாக்குறை. குழுவில் அடுத்த வார முறைப் பட்டியலைப் போட்டு, எந்த எந்த நாளுக்கு இரண்டாவது ஆள் இல்லை என்று எழுதினேன். ராத்திரி பதினொரு மணி வரை யாரும் பதில் போடவில்லை.

பதினொன்றே காலுக்குச் செய்தி வந்தது. ஒன்பதாவது மாடி அம்மா. இதயம் அனுப்புவதைத் தவிர அந்தக் குழுவில் அவர் அதுவரை ஒன்றும் எழுதியதில்லை.

"அக்கா செவ்வாய் வியாழன் நான் வரேன். பையன ஸ்கூல்ல விட்டுட்டு ஏழரைக்குக் கீழ நிப்பேன். ஆறே முக்காலுக்கு எந்தெந்த வீடு எழுப்பணும்னு மட்டும் சொல்லுங்க."

ஏழு வீட்டு எண்களை எழுதி அனுப்பினேன். கடைசியில், கதவைத் தட்ட வேண்டாம், பூட்டை மட்டும் தட்டுங்கள் என்று சேர்த்தேன். அது தெரியும்க்கா என்று எழுதினார்.